செயின்சா, பிக்கப், கொல்லை விறகு: அறுப்பது முதல் வீடு சேர்ப்பது வரை

செயின்சா வாங்கப் போகிறேன், எத்தனை சிசி எடுக்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் கொல்லைக்கு வண்டி எந்தப் பக்கமாக வரும்? மரம் அறுப்பதைப் பற்றிக் கேட்டால் இவர் பாதையைப் பற்றிப் பேசுகிறாரே என்று முகம் சுருங்கும். ஆனால் டெல்டாவில் விறகு வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் மரத்தடியில் இல்லை. மரத்தடிக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே இருக்கிற இருநூறு அடியில்தான் கெடுகிறது. அதனால் வண்டியில் தொடங்கித்தான் மெஷினுக்கு வரப் போகிறேன்.

எங்கள் பக்கம் மெஷின் பரவியது 2018 நவம்பர் 16க்குப் பிறகு. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறிய அந்த விடியற்காலையில் தென்னையும் மாவும் சவுக்கும் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. கோடாலியால் தீராது என்று தெரிந்ததும் ஆளாளுக்கு மெஷின் வாங்கினோம். பெட்டிக்குள் இருந்த புத்தகத்தைப் பலர் பிரிக்கவே இல்லை. நானும் பிரிக்கவில்லை. ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றி, முதல் மாதத்திலேயே ஒரு பிஸ்டனை இறுக வைத்தேன். அதற்குக் கொடுத்த காசில் ஒரு லோடு விறகு விலைக்கே வாங்கியிருக்கலாம்.

எப்போது, எந்த வழியாக

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். தண்ணீர் நின்று, சம்பா அறுப்பும் முடிந்ததும் நிலம் இறுகத் தொடங்கும். வயல் வழியாகவே பிக்கப்பை ஓட்டிவிடலாம் என்று அப்போது தோன்றும். தோன்றுவதோடு விட்டுவிடுங்கள். அறுப்புக்கு முன்னாலேயே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் தாளுக்கு நடுவே பச்சை கட்டி நிற்கும். அதில் ஒரு சக்கரத் தடம் விழுந்தால் போதும், பங்காளிகளே பேச்சை நிறுத்திவிடுவார்கள். உளுந்து எடுத்து முடிகிற பங்குனி கடைசியும் சித்திரையும்தான் வயலில் வண்டி இறக்க ஏற்ற காலம். குறுவைக்கு உழவு தொடங்குவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

ஆகவே தை, மாசியில் அறுத்து, பிளந்து, மரத்தடியிலேயே அடுக்கிவிடுங்கள். சித்திரையில் ஏற்றுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு மாத வெயிலில் கட்டையிலுள்ள தண்ணீர் இறங்கிவிடும். பச்சையாக ஏற்றினால் நீங்கள் டீசல் செலவு செய்து தண்ணீரைத்தான் இழுத்துக்கொண்டு போகிறீர்கள்.

மண்ணையும் பார்க்க வேண்டும். வெண்ணாறு, வெட்டாறு பாயும் பழைய டெல்டாவில் களிமண். ஒரு நல்ல மழைக்குப் பிறகு ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். மேட்டூரோடு சேர்ந்து 1934இல் வந்த கல்லணைக் கால்வாய் பாசனத்தில், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமெல்லாம், மணலும் செம்மண்ணும் கலந்த நிலம் நிறைய. அங்கே மழை விட்ட மறுநாளே கூட வண்டி போகும். சந்தேகம் இருந்தால் குதிகாலை ஊன்றி முழு எடையும் போட்டுத் திரும்பிப் பாருங்கள். குதிகால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால், பாரம் ஏற்றிய பின்சக்கரம் அதில் புதையும்.

வாய்க்கால் கரையை மட்டும் எந்தப் பருவத்திலும் நம்பாதீர்கள். மேலே காய்ந்து பாளம் வெடித்திருக்கும், உள்ளே நண்டு வளையும் எலி வளையுமாக இருக்கும். ஒரு மாசி மாதம் மன்னார்குடிக்குத் தெற்கே அப்படி ஒரு கரையில் லோடோடு திரும்பும்போது இடது பின்சக்கரம் கரையை உடைத்துக்கொண்டு இறங்கியது. வண்டி கவிழவில்லை, அவ்வளவுதான். மொத்த விறகையும் இறக்கி, டிராக்டர் கொண்டுவந்து இழுத்து, மறுபடி ஏற்ற இரவு பத்து மணியானது. விளிம்புப் பக்கத்துச் சக்கரங்கள் கரையின் விளிம்பிலிருந்து முழுதாக மூன்றடி உள்ளே இருக்க வழியில்லை என்றால் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, விறகைத் தலைச்சுமையாகவோ மாட்டுவண்டியிலோ கொண்டுவருவதுதான் மலிவு. வழியில் சின்ன மதகு, குழாய்ப் பாலம் இருந்தால் இறங்கிக் கீழே குனிந்து பாருங்கள். கம்பி வெளியே தெரிகிற பாலத்தில் காலி வண்டி போனது, ஏற்றிய வண்டியும் போகும் என்பதற்குச் சாட்சி ஆகாது.

அனுமதி விஷயம். பட்டா நிலத்துச் சவுக்கும் காட்டுக்கருவையும் (சீமைக்கருவேல்) பெரிய சிக்கல் தராது. பனையைத் தொடாதீர்கள். பனைமரம் வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்துவிட்டது. தேக்கு, சந்தனம் என்றால் முதலில் வனத்துறை அலுவலகம் போய்க் கேளுங்கள். ஆற்றங்கரை, ரோட்டோரம், புறம்போக்கு மரங்கள் சாய்ந்தே கிடந்தாலும் அரசு சொத்துதான். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்காமல் ஒரு கிளையைக் கூட ஏற்றாதீர்கள்.

வண்டி எவ்வளவு தாங்கும்

ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். காலி வண்டி எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். கழித்தால் வருவது வண்டி தூக்கக்கூடியது. அதிலிருந்து டிரைவரையும் கூட வருகிறவரையும் கழியுங்கள். மிச்சம்தான் விறகுக்கு. சின்ன யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் என்றால், ஆட்களைக் கழிக்கும் முன், முக்கால் டன் அளவில் வரும். தோஸ்த், போலேரோ பிக்கப் என்றால் மாடலைப் பொறுத்து ஒன்றேகால் டன்னிலிருந்து 1.7 டன் வரை.

இப்போது ஒரு கணக்கு. சின்ன யானையின் பாடி ஏறக்குறைய ஏழடி நீளம், நாலே முக்கால் அடி அகலம், பக்கப் பலகை ஓரடி உயரம். பலகை மட்டத்துக்கு அடுக்கினால் 33 கன அடி. கட்டைகளுக்கு நடுவே காற்று இருக்கிறதே, அதனால் அசல் மரம் பத்தில் ஆறு பங்குதான்: சுமார் 20 கன அடி. ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பச்சைச் சவுக்கு தண்ணீர் எடைக்குக் குறையாது. ஆக 570 கிலோ. பலகை மட்டத்துக்கே இவ்வளவு! அதற்கு மேல் அரையடி ஏற்றினாலே 850 கிலோ ஆகிவிடும். ஆளுயரத்துக்குக் கட்டைகளை ஏற்றிக்கொண்டு முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் போகிற வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அது திறமை இல்லை, பிரேக் பிடிக்காத வண்டி.

2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் அதிக பாரத்துக்குச் சொல்லும் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பாரம் பக்கவாட்டிலோ பின்னாலோ அளவுக்கு மீறித் துருத்தினாலும் 20,000தான். ஒரு லோடு விறகில் அந்தக் காசு தேறாது.

பாடி அகலம் தெரிந்ததும் அறுக்கும் நீளம் தானே வந்துவிடும். வீட்டு அடுப்புக்கு ஒன்றரை அடி. அந்த நீளத்தில் மூன்று வரிசை, சின்ன யானையில் அகலவாக்கில் சரியாக உட்காரும். செங்கல் காளவாய்க்கோ கல்யாணச் சமையல்காரருக்கோ கொடுப்பதென்றால் அவர்கள் அளவு வேறு, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓரடி குறுக்களவும் மூன்றடி நீளமும் உள்ள ஒரு பச்சைக் கட்டை 65 கிலோவுக்கு மேல் கனக்கும். அதை இருவர்தான் தூக்க வேண்டும். ஒருவரே நாள் முழுக்கத் தூக்கப் போகிறார் என்றால் ஒன்றரை அடியாக அறுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு ஒன்றுதான் இருக்கிறது.

மெஷினைத் தயார் செய்வது

விறகுக்கு 45 சிசி அளவில் 16 அல்லது 18 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) தாராளம். சந்தையில் 58 சிசி, 22 அங்குல பார் மெஷின்கள் கொட்டிக் கிடக்கின்றன. நீளமான பாரில் நுனி எங்கே இடிக்கிறது என்று தெரியாது, தீட்ட வேண்டிய பல்லும் அதிகம்.

செயின் மாட்டும்போது பாரின் மேல்பக்கத்தில் பல்லின் வெட்டுமுனை நுனியை நோக்கி இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், தலைகீழாக மாட்டிவிட்டு மெஷின் சரியில்லை என்று கடைக்குத் தூக்கிப் போனவர்கள் இருக்கிறார்கள். பார் நட்டுகளை விரலால் மட்டும் இறுக்கி, நுனியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, செயினை இறுக்கும் டென்ஷன் ஸ்க்ரூவைத் திருகுங்கள். செயின் பாரின் அடிப்பக்கத்தோடு ஒட்ட வேண்டும். நடுவில் பிடித்து இழுத்தால் உள்பற்கள் பார் பள்ளத்தை விட்டு முழுதாக வெளியே வரக்கூடாது. அதே சமயம் கையுறை போட்ட கையால் இழுத்தால் சரளமாக ஓட வேண்டும். அப்புறம் நுனியைத் தூக்கியபடியே நட்டுகளை இறுக்குங்கள். புதுச் செயின் முதல் நாள் நீண்டுகொண்டே இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கினால், ஆறியதும் சுருங்கி பாரைப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

பெட்ரோல் கலவை. ஸ்டில் போன்ற கம்பெனிகள் தங்கள் 2டி ஆயிலுக்கு 50க்கு 1 சொல்கின்றன: லிட்டருக்கு 20 மில்லி. பல மலிவு மெஷின்களின் புத்தகத்தில் 25க்கு 1 இருக்கும்: லிட்டருக்கு 40 மில்லி. உங்கள் புத்தகம் சொல்வதே சட்டம். கண்ணளவில் ஊற்றாதீர்கள், மருந்து மூடி அளவுள்ள ஒரு கப் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பங்க் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, மிஞ்சினால் சில நாளில் தீர்த்துவிடுங்கள். போன தீபாவளிக்குக் கலந்ததைப் பொங்கலுக்கு ஊற்றினால் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டி வரும்.

செயின் ஆயில் டேங்க் தனி. பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் அதையும் நிரப்புங்கள். மெக்கானிக் ஷெட்டில் கிடைக்கிற கழிவு ஆயிலை ஊற்றும் பழக்கம் ஊர் முழுக்க இருக்கிறது. அதிலுள்ள இரும்புத் தூளே பம்பை அரித்துவிடும், கையிலும் வயலிலும் தெறிக்கும். ஆயில் வருகிறதா என்று பார்க்க, வெளுப்பான ஒரு பலகைக்கு அருகே நுனியைக் காட்டி ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

அடுத்தது கூர்மை. அதற்கு நேரம் செலவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. மழுங்கிய செயினை ஆள் அழுத்துவார், அழுத்தும்போதுதான் வழுக்கும். தெரிந்துகொள்ள ஒரே வழி, கீழே விழுவதைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் கூர்மை. ரவை மாவு போலப் பொடியாக விழுந்தால் உடனே நிறுத்துங்கள். செயினின் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு, அங்குலத்தில்) .325 என்றால் 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம், சின்ன 3/8 செயின் என்றால் 4 மில்லிமீட்டர். பல்லின் தலையில் பெரும்பாலும் ஒரு சாய்கோடு இருக்கும், சுமார் 30 டிகிரி. அந்தக் கோட்டுக்கு இணையாக, உள்ளிருந்து வெளியே, தள்ளும்போது மட்டும் அழுத்தி அரம் போடுங்கள். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளல் என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. ஒரு பக்கம் அதிகம் தேய்ந்தால் அறுப்பு நேராகப் போகாது, பிறைபோல வளைந்து போகும். நாலைந்து முறை தீட்டியதும் பல்லுக்கு முன்னால் நிற்கும் சின்ன மேட்டையும் தட்டை அரத்தால் தொட வேண்டும். அது பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருந்தால் போதும். அதிகம் ராவினால் மெஷின் மரத்தைக் கடித்துக் குதிக்கும்.

இந்த மண்ணில் கூர்மையை ஒழிப்பது மணல்தான். கடற்கரை ஓரத்துச் சவுக்கின் அடிமரத்திலும், தரையில் இழுத்து வந்த தென்னையிலும் மணல் அப்பியிருக்கும். அறுக்கும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவோ பட்டையைக் கோடாலியால் சீவவோ ஒரு நிமிடம் ஆகாது. ரோட்டோர மரம் என்றால் விளம்பரப் பலகை ஆணியைத் தேடுங்கள். வேலியோர மரம் என்றால் உள்ளே விழுங்கிய முள்கம்பியை.

அறுப்பது

லுங்கியும் தோளில் துண்டும் வேண்டாம். பேண்ட், மூடிய பூட்ஸ், கண்ணாடி, காதில் அடைப்பான், தலையில் ஹெல்மெட். மெஷின் சத்தம் நூறு டெசிபலைத் தாண்டும். கூட ஓர் ஆள் இருக்க வேண்டும், ஆனால் கட்டை அறுக்கும்போது இரண்டு ஆள் நீளமாவது தள்ளி, மரம் வீழ்த்தும்போது மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்குக்கு அப்பால்.

ஸ்டார்ட் செய்யும்போது மெஷினைத் தரையில் வைத்து, செயின் பிரேக்கைப் போட்டு, பின்கைப்பிடியை வலது காலால் மிதித்து இழுங்கள். தொங்கவிட்டு இழுக்கும் வித்தை தொடையில்தான் போய் முடியும். ஓடத் தொடங்கியதும் பிரேக்கை எடுத்து, ஆக்சிலேட்டரை விட்டுப் பாருங்கள். செயின் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறைத்த பிறகே வேலை. பாரின் நுனியில் மேல் பாதி எதிலாவது பட்டால் மெஷின் கண் இமைக்கும் முன் உங்கள் முகத்தை நோக்கி எழும்பும். இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கவே கூடாது.

நிற்கும் மரத்தை வீழ்த்துவது தனி வேலை. வீட்டின் மேலோ மின்கம்பியின் பக்கமோ சாய்ந்தது, பெரிய புளி, உயரத் தென்னை எல்லாம் பழகிய ஆட்களுக்கு விடுங்கள். மின்கம்பி அருகே என்றால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் எவரும் தொடக்கூடாது. தோப்புச் சவுக்கு போன்ற நேரான மரத்துக்கு: விழ வேண்டிய பக்கத்தில் விட்டத்தில் கால் பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வாய் வெட்டுங்கள். எதிர்ப்பக்கத்தில் அதைவிட ஓர் அங்குலம் மேலே பின்வெட்டு. நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அறுக்காமல் நிற்க வேண்டும், அது கதவுக் கீல் மாதிரி மரத்தைத் திருப்பி இறக்கும். சாயத் தொடங்கியதும் பின்பக்கம் சாய்வாக விலகுங்கள். அந்த வழியை முதலிலேயே முள் இல்லாமல் செதுக்கி வைத்திருக்க வேண்டும்.

கிடக்கும் மரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வாய்க்காலின் இரு கரையிலும் தலை வைத்துக் குறுக்கே கிடக்கும் மரத்தை எண்ணிப் பாருங்கள். நடு தொங்குகிறது, மேல்பக்கம் நெருங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. மேலிருந்தே முழுக்க அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு பாரைக் கவ்வும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்து நிறுத்தி, மிச்சத்தைக் கீழிருந்து மேல்நோக்கி அறுங்கள். ஒரு முனை மட்டும் தரையில், மறுமுனை அந்தரத்தில் என்றால் நேர்மாறு: முதலில் கீழே மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. மாட்டிக்கொண்டால் மெஷினை அணைத்துவிட்டு மர ஆப்பு அடியுங்கள். இழுத்துப் பிடுங்க வேண்டாம்.

புயலில் வேரோடு சாய்ந்த மரம் இன்னும் பொல்லாதது. தண்டை அறுத்த நொடியில் பாரம் போன வேர்த்தட்டு பழையபடி குழிக்குள் நிமிர்ந்து உட்காரும். அந்தக் குழியில் நின்று வேடிக்கை பார்க்க ஒரு பிள்ளையையும் விடாதீர்கள்.

காட்டுக்கருவைக்கு ஒரு சொல். விறகுக்கு அதை மிஞ்ச ஆளில்லை, முள்ளுக்கும் அப்படியே. முதலில் அரிவாளால் முள்மிளாறுகளைக் கழித்து, வண்டி நிற்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கமாகக் குவியுங்கள். கழித்த முள் டயருக்குள் ஏறினால் உள்ளேயே ஒடிந்து நிற்கும், பஞ்சர் கடைக்காரர் மூன்று முறை தேடுவார்.

ஏற்றிக் கட்டுவது

வண்டியைத் தார் ரோட்டை நோக்கி முகம் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் முதல் கட்டையை ஏற்ற வேண்டும். பாரத்தோடு களியில் திருப்புவதைப் போல் ஒரு பாவம் இல்லை.

கனமான கட்டைகள் அடியில், கேபினை ஒட்டி. பின்சக்கர அச்சுக்கு முன்னால் எடை அதிகம் இருக்க வேண்டும். பின்னால் குவித்தால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி சுற்றும். பிளந்த விறகு மேலே. சந்துகளில் சின்னக் கழிகள். உருண்டைக் கட்டைகளை நீளவாக்கில் போட்டால் வளைவில் உருண்டு பக்கப் பலகையைத் தள்ளும், அகலவாக்கில் அடுக்கினால் பிரேக் பிடிக்கும்போது உருண்டு கேபினை இடிக்கும். நான் கடைசி வரிசையை மட்டும் நீளவாக்கில் வைத்து, மற்றதை அகலவாக்கில் அடுக்குகிறேன். பின் டோரைத் திறந்ததும் காலில் கொட்டாது.

கயிறு இரண்டு இடத்தில் குறுக்கே, ஒன்று நெடுக்கே. பத்து மில்லிமீட்டர் நைலானுக்குக் குறையாமல். கண்ணி போட்டு இழுத்து இறுக்கினால் கை பலம் இரட்டிக்கும். தார்ப்பாய் மழைக்கு மட்டுமல்ல, பின்னால் வரும் பைக்காரரின் கண்ணில் தூள் விழாமலும் காக்கும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்திக் கயிற்றைப் பாருங்கள், விறகு அமர்ந்து கயிறு தளர்ந்திருக்கும். லோடு மேல் ஆள் உட்காரக் கூடாது. "நான் பிடிச்சுக்குறேண்ணே" என்று ஏறும் பையனைக் கேபினுக்குள் கூப்பிடுங்கள், இடமில்லை என்றால் பஸ்ஸுக்குக் காசு கொடுங்கள்.

இறக்கிய பிறகு

தரையில் நேராகக் கொட்டினால் கரையானுக்கு விருந்து. இரண்டு பழைய தென்னந்துண்டுகளைத் தண்டவாளம் மாதிரிப் போட்டு அதன்மேல் அடுக்குங்கள், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி. பக்கங்களைத் திறந்துவிட்டு மேலே மட்டும் மூடுங்கள். இரண்டு விறகை ஒன்றோடொன்று தட்டினால் மொத்தென்று கேட்டால் ஈரம், கணீரென்று கேட்டால் அடுப்புக்குத் தயார். காய்ந்த விறகின் முனையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிப்பும் தெரியும். ஐப்பசி அடைமழைக்குள் அந்த ஓசை வந்துவிட வேண்டும்.

மெஷினை நாள்கணக்கில் வைக்கப் போகிறீர்கள் என்றால் பெட்ரோலை வடித்து, தானே அணையும் வரை ஓடவிடுங்கள். ஏர் ஃபில்டரைத் தட்டி, பார் பள்ளத்துப் பொடியைச் சுரண்டி, பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள்; இரு பக்கமும் சமமாகத் தேயும்.

அப்புறம், அடுக்கிலிருந்து விறகு எடுக்கப் போகும் வீட்டுப் பெண்களிடம் ஒரு நீளக் கழியைக் கொடுத்து வையுங்கள். கண்ணாடி விரியனுக்கு அந்தச் சந்து ரொம்பப் பிடிக்கும். நாலு தட்டு தட்டி, கொஞ்சம் நின்று, பிறகு கை வைக்கட்டும்.